பந்தல்கால் ஓரம் நின்ற பி.ஏ.

சங்கரன்கோவில் நிருபர் அனுப்பியிருந்த செய்தி நாலே வரி. மதுரைக் காரியாலயத்துக்குக் காலைத் தபாலில் வந்த மற்றச் செய்திகளோடு சேர்ந்து, ஒரு மாட்டுச் சந்தை அறிவிப்புக்கும் ஒரு கிணற்றுத் தகராறுக்கும் நடுவே என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. "சங்கரன்கோவில் பிரமுகரும் பட்டதாரியுமான ஸ்ரீ கோமதிநாயகம் பி.ஏ. காமாலை நோயால் காலமானார். ஊருக்கு விஜயம் செய்த கலெக்டர்களையும் மந்திரிகளையும் வரவேற்ற பெருமை உடையவர். அன்னாரது மறைவு ஈடு செய்ய முடியாத நஷ்டமாகும்."

அவர் பி.ஏ. படித்தது உண்மை. காமாலையில் போனதும் உண்மை. மற்றதெல்லாம் எந்தப் பிணத்தின் மேலும் போர்த்தக்கூடிய வேட்டி. கோமதிநாயகம் பிரமுகர் அல்ல. அவர் யாரையும் வரவேற்றதும் இல்லை. வரவேற்றவர்களுக்காக எழுதிக் கொடுத்தார், வாசித்தார், கீழே இறங்கி நின்றார். நாற்பது வயதைத் தொடாமல் செத்துப்போன ஒரு மனிதனைப் பற்றி, அவன் வாழ்ந்த ஊரிலிருந்து வந்த செய்தியில் அவன் இல்லை. நான் பென்சிலை எடுத்து மூன்றாவது வாக்கியத்தை அடித்தேன். பிறகு முழுவதையும் அடித்துவிட்டு, பெயரையும் ஊரையும் நோயையும் மட்டும் எழுதி அச்சுக்கு அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது.

அவரை நான் முதலில் பார்த்தது யுத்தத்தின்போது. அப்போது நான் சங்கரன்கோவிலிலேயே இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஜில்லா கலெக்டராக இருந்த வெள்ளைக்காரத் துரை யுத்த நிதி வசூலுக்காக வந்தார். பெரிய மனிதர் யார் வந்தாலும் உபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். வந்தவரை ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து, கடைசியில் ஊருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி கேட்டு, அதை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அது இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பு. வரவேற்புக் கமிட்டியின் தலைவர் ரைஸ் மில் முதலாளி. அவருக்கு இங்கிலீஷ் வராது. காலேஜ் முடித்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்த கோமதிநாயகத்தைப் பிடித்தார்கள்.

நன்றாகவே வாசித்தார். குரல் நடுங்கவில்லை. அவர் மூச்சு விட நிறுத்திய இடங்களில் எல்லாம் கூட்டம் கை தட்டியது. வாசித்து முடித்துப் பத்திரத்தை முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி அதைத் துரையிடம் கொடுத்தார். கோமதிநாயகம் உட்காரத் திரும்பினார். மேடையில் முதலாளிக்கு நாற்காலி இருந்தது, முதலாளியின் மைத்துனருக்கு இருந்தது, ரோஜா மாலை வாங்கி வந்தவருக்குக்கூட ஒன்று இருந்தது. இவருக்கு இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படி இறங்கி வந்து பந்தல்கால் ஓரமாக நின்றார். நிருபர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சு அதன் பக்கத்தில்தான் இருந்தது.

"என்னவே, வாசிச்சவனுக்கு நாற்காலி கிடையாதா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குமுன் நாங்கள் பேசியதில்லை.

"இதுவரைக்கும் கிடையாது" என்றேன்.

கூட்டம் கலையும்போது யாரோ அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதை முகர்ந்து பார்த்தார். "புளியங்குடிப் பழம். பி.ஏ.வுக்கு இது போதும்னு கணக்குப் போட்டிருக்கானுவ" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அந்தப் பி.ஏ.வைப் பற்றி அவரே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. காலேஜில் படிக்கும்போதே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாமனார் ராயகிரிக்காரர். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அடித்துவிட்டார், பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே. "மத்தவன் படிச்சு பாஸ் பண்ணுவான். நான் அச்சுப்பிழை ஆயிரக் கூடாதேன்னு பாஸ் பண்ணினேன்" என்பார். கடைசி வருஷத்தில் மகள் பிறந்தாள். வடிவு என்று பெயர் வைத்தார்கள்.

யுத்தம் வேலை கொடுத்தது. ரேஷன் இலாகாவில் சேர்ந்தார். பிற்பாடு செக்கிங் இன்ஸ்பெக்டராகி வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றினார். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ரேஷன் மட்டும் இருந்தது. பிறகு அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இலாகாவையே மூடி, அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுப்பாடு நீங்கியதைக் கொண்டாடி மில் வாசலில் வெடி போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் அவர் ஆபீஸ் சாவியை ஒப்படைத்தார். கட்டுப்பாடு இருந்தபோது மில்காரர்கள் மூட்டைகளை எங்கே ஒளித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். வேலை போன மறுமாதமே, அடுத்து வரும் ஒரு பெரிய அதிகாரிக்கு உபசாரப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி மில்லிலிருந்து ஆள் வந்தது. எழுதிக் கொடுத்தார். வாசித்தார். இறங்கி நின்றார். எலுமிச்சம்பழம் வந்தது.

பிழைப்புக்குத் தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் டுடோரியல் நடத்தினார். எஸ்.எஸ்.எல்.ஸி.யில் தவறியவர்களுக்கு இங்கிலீஷும் கணக்கும். கீழே கடைக்காரர்கள் சேலையை உதறும் சத்தம் மேலே வரை கேட்கும். ஒரு நாள் நான் போயிருந்தபோது, மூன்றாம் தடவை எழுதப்போகிற ஒருவன், "காலேஜுக்குப் போயி நீங்க என்ன சார் கண்டீங்க?" என்று கேட்டுவிட்டான். இவர் கோபப்படவில்லை.

"படிப்புல ஒண்ணுமில்லைன்னு சொல்லுத உரிமை பாஸ் பண்ணினவனுக்குத்தான்லே உண்டு. நான் சொன்னா, படிச்சவன் சொல்லுதான்னு கேப்பான். நீ சொன்னா, ஃபெயிலானவன் புலம்புதான்னு சிரிப்பான். மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம்."

கல்லூரிப் படிப்பைப் பற்றி அவர் சொன்னவற்றில் இதைவிடச் சரியானதை நான் கேட்டதில்லை.

அவரைப் போல வேலை போன பட்டதாரிகள் ஜில்லா முழுவதும் இருந்தார்கள். திருநெல்வேலியில் ஒரு தடவை கூட்டம் போட்டார்கள். நானும் செய்திக்காகப் போனேன். பேசியவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். எங்களுக்கு முந்தினவர்கள் சிறைக்குப் போனார்கள், இன்று நாற்காலியில் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிந்தினவர்களுக்குத் திட்டங்கள் வருகின்றன, புதுப் பள்ளிகள் வருகின்றன. நடுவில் யுத்தக் காலத்தில் பரீட்சை எழுதிய எங்களை நாடு மறந்துவிட்டது. ஒருவர் அழவும் செய்தார். அவர் போட்டிருந்த சட்டை அன்று காலை வெளுத்து வந்தது. வாசலில் அவருக்கு ரிக்ஷா காத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கோமதிநாயகம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மானூர் தாண்டியதும் சொன்னார்:

"மறந்துட்டாங்க, மறந்துட்டாங்கங்கானுவ. மறக்கணும்னா மொதல்ல நினைச்சிருக்கணும்லாவே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டில் குனிந்து நின்றவர்களைக் காட்டினார். "காலேஜையே பாக்காதவன் அங்கன நிக்கான். அவனை யார் மறந்தான்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் கேக்கல. நம்மளுக்கு ஏதோ வாக்குக் கொடுத்து ஏமாத்தின மாதிரி அழுதானுவ." மறுபடி அந்தக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் அவரை அரித்தது.

வடிவு எஸ்.எஸ்.எல்.ஸி. தேறினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேல் மார்க்கு யாரும் வாங்கவில்லை. பாளையங்கோட்டைக்காரரான கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து, பெண்கள் காலேஜில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். ஊர் எதிர்பார்த்தது, படித்த தகப்பன் மகளைப் படிக்க வைப்பான் என்று. கோமதிநாயகம் முடியாது என்றார்.

"பி.ஏ. படிச்சு என்னட்டி செய்யப்போறே? எனக்குப் பிறகு நீ வாசிப்பே. பொம்பளைப் பிள்ளை வாசிச்சா இன்னும் ஓங்கிக் கை தட்டுவான். ரெண்டு எலுமிச்சம்பழம் தருவான்."

அவள் உள்ளே போனாள். அவருடைய மனைவி இசக்கியம்மாள் அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "அவுகளுக்குப் படிப்பு மேல கோவம் இல்ல, அண்ணாச்சி. தன்னை மாதிரியே இவளும் நின்னுருவாளோன்னு பயம். சேருததுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தேன். "நீரு உம்ம சோலியைப் பாரும்வே" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக்கல் நாட்ட ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடாயிற்று. வழக்கம்போல மில் முதலாளி தலைமையில் கமிட்டி. வழக்கம்போல இவர் எழுதினார். வழக்கத்துக்கு மாறாக ஒரு பாரா சேர்த்தார்: மூடிய இலாகாக்களிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வேறு இலாகாக்களில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அவர் தம் பொருட்டு எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதிலும் தம் பெயரைப் போடவில்லை. மில் ஆபீஸில் அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இது என்ன பி.ஏ., புதுசா?" என்றார் முதலாளி.

"ஒரு வேண்டுகோள், அண்ணாச்சி."

"மந்திரி ஊர்க் காரியமா வாராரு. உம்ம காரியத்தை இதுல எதுக்குச் சொருகுதீரு? அதை எடுத்துட்டு, மில்லுக்குக் கரண்டு கூடுதலா வேணும்னு போடும். அதுதான் பொதுக் காரியம்."

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. பொதுக் காரியம் என்ற சொல்லை அதற்குமுன் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அன்று அந்த ஆபீஸில் தவிட்டு வாடையோடு கேட்டதை மறக்க முடியவில்லை. கோமதிநாயகம் திருத்தி எழுதிக் கொடுத்தார். அச்சாகிச் சட்டமும் போட்டாயிற்று.

விழா அன்று மேடையேறியவர், சட்டம் போட்ட பத்திரத்தை முதலாளியின் மடியிலேயே விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். இங்கிலீஷில் வாசிக்கத் தொடங்கினார். நான் பெஞ்சில் மந்திரியின் பேச்சுக்காகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. சக்கரவர்த்தி என்றார். மாட்சிமை தங்கிய சக்கரவர்த்தியின் பிரதிநிதியாகத் தாங்கள் இந்த ஊருக்கு எழுந்தருளியது எங்கள் பாக்கியம் என்றார். யுத்த நிதிக்கு ஊரார் வாரி வழங்கியதைச் சொன்னார். ஜப்பானியர் விரைவில் முறியடிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெள்ளைக்காரத் துரைக்கு வாசித்த அதே பத்திரம், ஒரு சொல் மாறாமல். அவர் நிறுத்திய இடங்களில் கூட்டம் கை தட்டியது. கதர் போட்டவர்களும் தட்டினார்கள். முதலாளி தட்டினார். மந்திரி பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ பேசி முடித்துவிட்டு, அவரும் தட்டினார்.

பதில் சொல்ல எழுந்த மந்திரி, "உங்கள் பத்திரத்தில் கண்ட கோரிக்கைகளை எல்லாம் அரசாங்கம் கவனத்தோடு பரிசீலிக்கும்" என்றார். வாசிக்கப்பட்ட பத்திரத்தில் இருந்த ஒரே கோரிக்கை ஜப்பானை முறியடிப்பது.

கோமதிநாயகம் பந்தல்கால் ஓரமாக வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "பாத்தீரா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருஷமாக வாசித்த எதையும் யாரும் கேட்டதில்லை என்று அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அன்று அதைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அந்த உறுதி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவர் நின்ற நிலையில் பார்த்தேன். தூணைப் பிடித்திருந்த கை அதை விடவே இல்லை.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கூடத்து மூலையில் காலேஜுக்குக் கொண்டுபோன பச்சை டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. துரைக்கு எழுதியதன் பழைய நகலை அதிலிருந்துதான் எடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் வடிவு வந்தாள். மேடைப் படிப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நிறுத்தியிருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இன்னைக்கு எந்த ராஜாவுக்கு விசுவாசமா இருந்தீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுட்டியா?"

"கேக்கத்தானே வாசிச்சீங்க?"

"மத்த யாரும் கேக்கலையே."

"அவங்களுக்குத் தெரியல. எனக்கு முக்கால்வாசி தெரிஞ்சுது. நடுவுல ரெண்டு வார்த்தைதான் புரியல. அதை யார்ட்ட கேக்கன்னு யோசிச்சிட்டே நின்னேன்."

கோமதிநாயகம் என் பக்கம் திரும்பினார். "ஒருத்தி கேட்டுட்டா வே."

"நானும் கேட்டேன்" என்றேன்.

"நீரு சம்பளத்துக்குக் கேட்டீரு. கணக்குல வராது."

பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியில் இருந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பழைய கோட்டு, இரண்டு புஸ்தகம், காலேஜில் எடுத்த குரூப் போட்டோ. பெட்டி காலியானதும் தலைகீழாகத் தட்டித் தூசியைக் கொட்டினார்.

"இசக்கி, இதை வெயில்ல வை. மூட்டைப்பூச்சி இருந்தாலும் இருக்கும். பிள்ளை கொண்டுபோகணும்."

இசக்கியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வடிவுதான் கேட்டாள்: "படிச்சா ஒண்ணும் கிடைக்காதுன்னு சொன்னீங்களே?"

"இப்பவும் அதேதான் சொல்லுதேன். ஒண்ணும் கிடைக்காது. மேடையில எவன் என்ன வாசிக்கான்னு தெரியும், அவ்வளவுதான். அதுக்கு மேல எவனாவது சொன்னா நம்பாதே."

அவள் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். என்னையும் மதுரைக் காரியாலயத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் எந்தக் கமிட்டிக்கும் எழுதவில்லை. உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லி அனுப்புவார். கடைசியில் உண்மையாகவே சரியில்லாமல் போயிற்று.

செய்தி வந்த வாரத்தில் நான் ராஜபாளையம் வழியாகச் சங்கரன்கோவில் போனேன். தகனம் முடிந்திருந்தது. அதே கமிட்டிக்காரர்கள் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் அதற்கெல்லாம் வருவது வழக்கமில்லை. இசக்கியம்மாள் வரவில்லை. வடிவு, "நான் வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்து வந்தாள்.

மில் முதலாளி ரொம்ப நேரம் பேசினார். கோமதிநாயகம் தமக்குத் தம்பி மாதிரி என்றார். ஊரின் இங்கிலீஷே போய்விட்டது என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இருந்ததா என்பது என் பெஞ்சிலிருந்து தெரியவில்லை. துடைத்து முடித்ததும் கீழே வடிவைப் பார்த்தார்.

"நம்ம பி.ஏ. மகளும் காலேஜ்ல படிக்கா. மேல வந்து இங்கிலீஷ்ல நாலு வார்த்தை நன்றி சொன்னா சபைக்கு அழகா இருக்கும்." பிறகு பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் தணிந்த குரலில் சொன்னது முன்வரிசைக்கெல்லாம் கேட்டது: "அடுத்த மாசம் கலெக்டர் வாராருல்லா? இந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிரலாம்."

சாம்பல் ஆறுவதற்குள் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டார்கள். நான் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

வடிவு எழுந்தாள். "சொல்லுதேன் மாமா. உக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். "ரெண்டு நிமிஷந்தானே மக்கா? நின்னுக்கிட்டே சொல்லிட்டு இறங்கிரலாம்."

"எங்க அப்பாவும் ரெண்டு ரெண்டு நிமிஷமாத்தான் நின்னாங்க."

டுடோரியலில் படித்தவனோ யாரோ, பின்வரிசையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி அனுப்பினான். அது கைமாறிக் கைமாறி மேடைக்குப் போயிற்று. வடிவு படியேறினாள், அதை விரித்தாள், உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தமிழில் பேசினாள்.

"எங்க அப்பா வாசிச்சதை இங்க யாரும் கேக்கல. நான் கேட்டேன். கலெக்டருக்கு வாசிக்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள். அவள் கீழே வந்து சேர்வதற்குள் அந்த நாற்காலியில் முதலாளியின் மேல்துண்டு கிடந்தது.

வடிவுக்குப் படிப்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது. முடித்தபின் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் தகப்பனார் ஒன்றும் கிடைக்காது என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். பச்சைப் பெட்டி அவளிடம் இருக்கிறது. என்னிடம் கோமதிநாயகத்தின் பொருள் என்று எதுவும் இல்லை. பழக்கம் ஒன்று இருக்கிறது. எந்த ஊர் மேடைக்குச் செய்தி எடுக்கப் போனாலும், யார் தலைமை, யார் மாலை போட்டார் என்று எழுதுவதற்குமுன், வாசித்து முடித்தவர் எங்கே போய் நிற்கிறார் என்று முதலில் பந்தல்கால் பக்கம் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே ஒருவர் நிற்கிறார்.